அலுமாரியின் பின்பக்கம்

அன்புள்ள அக்கா,

லண்டனில் ஓர் ஏல மண்டபத்தில், பிரான்சுவா லிங்கே என்ற பாரிஸ் தளபாடக்காரர் செய்த அலுமாரியைப் பார்த்தேன். வளைந்த கால்கள், பொன்முலாம் பூசிய வெண்கல உருவங்கள். பத்து நிமிடம் நகர முடியவில்லை. கூட வந்த நண்பர், "பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி காலத்துச் சாமானின் நகல் இது, 1900 வாக்கில் செய்தது" என்று சிரித்தார். நகலை ரசித்தது என் அறியாமையா? இத்தனை ஆடம்பரத்தை ரசிப்பதே தவறா?

ஒரு வாசகர், லண்டன்

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை விடுங்கள். ஒரு அலுமாரி முன்னால் நின்றதற்கெல்லாம் பாவமன்னிப்புக் கேட்பார்களா?

நண்பருக்கு ஒரு குட்டு. லிங்கே நகலும் செய்தவர்தான். வெர்சாய் அரண்மனையில் இருக்கிற அரசரின் மேசையை அச்சொட்டாகச் செய்து விற்றிருக்கிறார். ஆனால் 1900 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய அவருடைய பெரிய மேசை எந்த ராஜா வீட்டிலும் இருந்ததில்லை. ரொக்கோகோ என்கிற பதினைந்தாம் லூயி காலத்துப் பாணியின் வளைவுக்குள், ஆர்ட் நூவோ என்கிற அன்றைய புதுப் பாணியின் நெளிவு புகுந்த புதுச் சாமான் அது.

எனக்குக் கோபம் வந்தது உங்களோடுதான். "லிங்கே செய்த" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! பொஹீமியாவில் 1855இல் பிறந்து, இருபது வயதில் பாரிஸ் வந்து, தளபாடத் தச்சர்கள் நிறைந்த ஃபோபூர் சேன் அந்துவான் தெருவில் பட்டறை போட்டவர் அவர். கெட்டிக்காரர், சரி. அந்த வெண்கல உருவங்களை வனைந்தது லெயோன் மெசாஜே என்ற சிற்பி. வனைந்ததை ஒருவர் வார்ப்பார். இன்னொருவர் ஊசி போன்ற உளிகளோடு குந்தியிருந்து இலை நரம்பு, இறகு, கண்ணிமை என்று நாள்கணக்காகச் செதுக்குவார். பிறகு முலாம்காரர். பொன்னைப் பாதரசத்தில் குழைத்து வெண்கலத்தில் பூசி நெருப்பில் காட்டினால், பாதரசம் புகையாகப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகை எங்கே போகும்? பூசினவரின் நெஞ்சுக்குள். கை நடுங்கும், பல் கொட்டும். 1840களில் மின்சார முலாம் வந்த பிறகும், உயர்ந்த சாமானுக்குப் பாதரசம்தான் வேண்டும் என்றார்கள். அந்த நடுங்கின கைக்கு ஏலப் பட்டியலில் பெயர் உண்டா?

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவில்லை. 1987இல் பாரிஸில் ஒரு வீட்டில் துப்பரவு வேலை. வரவேற்பறையில் லிங்கேயின் சின்ன அலுமாரி ஒன்று. மூலையில் ஒரு பெண் முகம், கன்னமெல்லாம் மங்கி. வீட்டில் அம்மா குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி, பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கிற லா ஷப்பேலில் வாங்கின புளியை உப்போடு பிசைந்து தேய்த்தேன். நன்றாகத்தான் தேய்த்தேன். துடைத்துப் பார்த்தால் கன்னத்தில் காசளவுக்குச் செம்மஞ்சளாக வெறும் வெண்கலம். கடதாசியை விட மெல்லிய பொன் அது, உப்பு அரைத்துவிட்டது. மங்கல் என்று நான் நினைத்தது அழுக்கே இல்லை. பளபளப்பும் மங்கலும் மாறிமாறித் தெரிவதற்காக வேண்டுமென்றே மினுக்காமல் விட்ட இடம். வீட்டுக்காரி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்தாள்.

திருத்த வந்தவர் வயதான ஒரு முலாம்காரர். எதனால் தேய்த்தாய் என்று கேட்டார். புளிக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். பிறகு திருகாணிகளைக் கழற்றி அந்த முகத்தைக் கையில் எடுத்து, கவிழ்த்து என்னிடம் நீட்டினார். பின்பக்கம் சொரசொரப்பு, பொன்னே இல்லை. வார்ப்பிலேயே பதிந்த இரண்டு எழுத்துகள்: எஃப், எல் என்று லிங்கேயின் பெயர். அவர் அதைக் காட்டவில்லை. பக்கத்தில் அரம் பட்ட கீறல்கள், ஒரே சரிவில் ஏழெட்டு. "இடதுகைக்காரன்" என்றார்.