நிலக்கடலை இலையில் புள்ளி: அமில மழையா, டிக்கா நோயா?

கேள்வி: அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் செம்மண்ணில் மானாவாரி நிலக்கடலை போட்டிருக்கிறேன், 35 நாள் பயிர். மழைக்குப் பிறகு அடி இலைகளில் கரும்பழுப்புப் புள்ளிகள். அமில மழை என்கிறார்கள். சுண்ணாம்பு போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அது டிக்கா எனப்படும் பூஞ்சை இலைப்புள்ளி நோய். புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு தாக்கினால் நரம்புகளுக்கு நடுவில் இலை வெளிறும். அடி இலையோடு நிற்காது. டிக்காவாக இருந்தால், மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். 15 நாள் கழித்துத் தேவைப்பட்டால் இன்னொரு முறை.

அதற்காக உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் அமில மழைக்குக் காரணமான கந்தகப் புகையை அதிகம் கக்குவது நிலக்கரி மின் நிலையங்கள்தான். டீசல் எவ்வளவோ மாறிவிட்டது: 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகைத் தரம் வந்தபோது, டீசலில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்கானது. மின் நிலையங்களுக்கும் 2015 டிசம்பரிலேயே வரம்பு வைத்தார்கள். ஆனால் கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குப் புகையிலிருந்து கந்தகம் பிரிக்கும் கருவியே கட்டாயமில்லை என்றாகிவிட்டது. சுற்றுப்பட்டு கிராமங்களுக்கு இது நியாயமில்லை. அமெரிக்காவில் 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திய பிறகு மின் நிலையக் கந்தகப் புகை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. முடியாத காரியமில்லை.

இதில் விவசாயி கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் புகை குறையக் குறைய, ஐரோப்பியக் கடுகுப் பயிரில் கந்தகப் பற்றாக்குறை தலைகாட்டியது. அதுவரை வானம் இலவசமாகக் கொட்டிய கந்தகத்தை உரமாகப் போட வேண்டியதாயிற்று. நிலக்கடலையும் கந்தகம் கேட்கும் பயிர்தான். புகைபோக்கியை நம்பி, கந்தகம் தரும் ஜிப்சத்தை விட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு வாரத்தில் மண் அணைக்கும்போது, ஈரம் இருக்கையில் ஏக்கருக்கு 160 கிலோ போடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய் திரளவும் உதவும். ஆனால் ஜிப்சம் மண்ணின் புளிப்பைக் குறைக்காது.

அந்தப் புளிப்புக்கும் மழை மட்டும் காரணமல்ல. வருடக்கணக்கில் போடும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் மண்ணை அமிலமாக்கும். அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே வந்தால்தான் சுண்ணாம்பைப் பற்றி யோசிக்க வேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை முடிவு அட்டையைப் பார்த்து முடிவு செய்யலாம்.