திரை வரையாமல் விளக்கை மட்டும் வைத்துக் காரும் வேனிலும் காட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர், தம் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்காக ஐந்திணையை வைத்து ஒரு நாட்டிய நாடகம் தயாரிப்பதாகவும், பின்னணித் திரை வரையப் பணம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு திணைக்கும் எந்த நிற விளக்கைப் போட்டால் பருவமும் பொழுதும் பார்ப்பவர்களுக்குப் புரியும் என்பது அவருடைய கேள்வி. எனக்கு முன் பதில் எழுதியவர்கள் குறிஞ்சிக்குப் பச்சை, பாலைக்குச் சிவப்பு, நெய்தலுக்கு நீலம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு, விளக்கு என்பது முகம் தெரிவதற்குத்தான், மற்றதை எல்இடி திரை பார்த்துக்கொள்ளும் என்று முடித்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருப்பவன். தொழில் மின்வேலை. கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூட மேடைகளிலும் சங்க விழாக்களுக்கு விளக்குக் கட்டிக் கொடுத்துப் பழக்கம். பெரிய அரங்குகளில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். ஆனால் கேள்வியின் சாயலைப் பார்த்தால், உங்களிடமும் ஒரு சமூக மண்டபம், வாடகைக்கு எடுத்த சில விளக்குகள், நடனம் தெரிந்த ஓர் ஆசிரியை, செலவைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒரு செயற்குழு ஆகியவைதான் இருக்கும் என்று தோன்றுகிறது. அந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும்.

முடியும் என்பதே என் பதில். ஆனால் நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா கரைந்து போகிறதா, எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்ற நான்கையும் முடிவு செய்த பிறகு நிறத்துக்கு வாருங்கள். இதற்குக் காரணம் கண்ணின் இயல்பு. மேடை முழுவதையும் ஒரே மஞ்சளால் நிரப்பினால், சில நிமிடங்களில் பார்ப்பவரின் கண் அதற்குப் பழகி அதையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் வாடகை கொடுத்து வாங்கிய வேனிற்காலம் அதோடு காணாமல் போய்விடும். மஞ்சள் மஞ்சளாகவே நிற்க வேண்டுமானால், மேடையின் ஏதோ ஒரு மூலையில், நிழலுக்குள்ளாவது, சிறிது குளிர்ந்த ஒளி இருந்தாக வேண்டும்.

சூரியனின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் ஏறத்தாழத் தென் அட்சரேகை 30 பாகையில் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் இங்கே உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் வடக்கு வானில் 37 பாகைக்கு மேல் ஏறுவதில்லை; 5.5 அடி உயரமுள்ள ஒருவரின் நிழல் நண்பகலிலேயே 7 அடிக்கு மேல் நீள்கிறது. டிசம்பரில் அதே மனிதரின் நிழல் ஓர் அடிகூட இராது, காலடியிலேயே கிடக்கும். சென்னையில் மார்கழி நண்பகலில்கூட நிழல் 4 அடியளவில்தான் விழும். பருவம் என்பதை உடம்பு இப்படித்தான் அறிந்து வைத்திருக்கிறது. கூட்டத்தில் யாரும் நிழலை அளந்து பார்ப்பதில்லை. ஆனால் மேலிருந்து விழும் வெள்ளை ஒளியில் ஒரு பெண் நின்றால் அது கடும் வெயில் என்றும், அதே விளக்கைச் சாய்வாக இறக்கினால் அது பனிக்காலத்துப் பகல் என்றும் விளக்கின் முன் மாட்டும் நிறத்தாள் எதுவும் இல்லாமலே அவர்களுக்குத் தோன்றிவிடும்.

இங்கே நமக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. தொல்காப்பியம் முல்லைக்குக் காரையும் மாலையையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும், பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் வகுத்திருக்கிறது. முதுவேனில் என்பது ஆனியும் ஆடியும். தென்னாப்பிரிக்காவில் ஆனி, ஆடி என்பவை ஸ்வெட்டர் போடும் மாதங்கள். டர்பனில் மழை பெய்வதோ பெரும்பாலும் வெயில் காலத்தில். அப்படியானால் மேடையில் வர வேண்டியது பாட்டின் பருவமா, பார்ப்பவரின் பருவமா? என் கருத்தில், கதை தமிழகத்தில்தான் நடக்க வேண்டும், அதை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் அந்தப் பருவத்தை உணர்த்தும் ஒளியைப் பார்ப்பவரின் நினைவிலிருந்து எடுக்கலாம். தமிழகத்தை ஒரு முறைகூடப் பார்த்திராத மூன்றாம், நான்காம் தலைமுறைக்குக் காவிரிக்கரை மழையை அறிமுகப்படுத்த விளக்கால் ஆகாது. அவர்கள் நனைந்த மழையை நினைவூட்ட ஆகும்.

எங்கள் சங்கத்தின் ஐந்திணை நாடகத்தில் இதைச் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சமன்று. முல்லைக் காட்சியில் தலைவி காத்திருக்கிறாள். கார் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை. இயக்குநர், சோகம் என்றால் நீலம் என்றார். நடனப் பள்ளிகளில் அப்படி ஒரு வழக்கம் வேரூன்றி இருப்பது எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடர்நீலம் இரவைக் காட்டும், கார்கால மாலையைக் காட்டாது. அதோடு, நம்முடைய பழுப்பு நிற முகம் அடர்நீல ஒளியில் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். மஞ்சள் சேலை கறுத்துப் போகும். லீ நிறுவனத்தின் நிறத்தாள்களில் 119 என்ற எண்ணுள்ள அடர்நீலம் விளக்கின் ஒளியில் நூற்றுக்குச் சில பங்கை மட்டுமே வெளியே விடுகிறது. மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தலைவி இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது.

மேகம் மூடிய வானத்தின் குணம், ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதும், நிழலே இல்லாமல் போவதும் ஆகும். ஆகவே மேலே இருந்த, மென்மையான ஓரமுள்ள ஒளி தரும் பிரெனல் விளக்குகள் அனைத்திலும் ஒளியைப் பரப்பிவிடும் ஃப்ராஸ்ட் தாளும் 202 என்ற மெல்லிய நீலத்தாளும் போட்டு, ஒளியை அரை அளவுக்கும் கீழே வைத்தேன். மேடை மங்கலாகவும் தட்டையாகவும் இருந்தது. செயற்குழுவில் ஒருவர், இதற்கா இத்தனை வாடகை என்று கேட்டார். அதன் பிறகுதான் அந்தக் காட்சியின் உயிரான விளக்கு வர வேண்டும். நவம்பர், டிசம்பரில் டர்பனில் பிற்பகல் இடி முழங்கி மழை கொட்டுவதற்குச் சற்று முன், அல்லது அது ஓய்ந்த உடனே, மேலே வானம் கருத்திருக்கும்போதே மேற்கே மேகத்தின் அடியில் ஒரு கீற்று திறந்து, அதன் வழியாகப் படுக்கைவாட்டில் ஒரு பொன்னிற ஒளி வரும். சாட்ஸ்வொர்த்தின் மேட்டு வீடுகளில் வளர்ந்த எவருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூர்மையான ஓரமுள்ள ஒளி தரும் புரொஃபைல் ஸ்பாட் ஒன்றை மட்டும் மேடையின் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, 152 என்ற வெளிர் பொன் தாளைப் போட்டு, தலைவி கதவருகே வரும்போது தொடங்கிப் பாட்டு முடியும்வரை, யாருக்கும் தெரியாத வேகத்தில் அதை ஏற்றினேன். மேலிருந்த சாம்பல் ஒளியை அதே வேகத்தில் இறக்கினேன். ஒளி மாறியதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் நாடகம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பாட்டி, அந்தப் பாட்டின் நடுவில் தமக்குக் கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது வேறில்லை. ஒரு பொருத்தம் அப்படி அமைந்தது என்பதற்காக எல்லா மேடையிலும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை.

மற்றத் திணைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலைக்குச் சிவப்பு வேண்டாம். சிவப்பு தீயைக் காட்டும், வெயிலைக் காட்டாது. தலைக்கு நேர் மேலும் சற்றுப் பின்னும் இருந்து விழும் ஒரு கடிய வெள்ளை, மிஞ்சினால் 103 என்ற வைக்கோல் நிறத்தாள், முன்னாலிருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை. கண்குழியில் நிழல் விழுந்து முகம் வாடித் தெரியும், அதுவே பாலை. முந்தைய காட்சியை இருட்டாக முடித்தால் பார்ப்பவரின் கண் கூசும், அது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வெப்பம். குறிஞ்சியின் யாமத்துக்கு 117 என்ற எஃகு நீலத்தைப் பின்னாலிருந்து மட்டும் போடுங்கள். நிலவு உண்மையில் நீலம் அன்று. வெயிலின் எதிரொளியே அது, சொல்லப்போனால் வெயிலைவிடச் சற்றே சிவந்தது. மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பைவிட நீலத்தை நன்றாக உணர்வதால்தான் மேடையில் நீலத்தை நிலவாக ஏற்றுக்கொள்கிறோம். தினைப்புனக் காவலின் நெருப்புக்கு ஒரு சிறிய செம்பொன் விளக்கைக் கீழே மறைத்து வைத்தால் அந்த நீலம் இன்னும் குளிரும்.

மருதத்தின் வைகறையும் முல்லையின் மாலையும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன என்று பலர் குறைபடுவதைக் கேட்டிருக்கிறேன். நிறத்தை மட்டும் பார்ப்பதால் வரும் குறை இது. விடியலில் முதலில் வானம் வெளுக்கும், அந்தக் குளிர்ந்த ஒளியில் வெகுநேரம் எல்லாம் தெரியும், அதன் பிறகே ஒரு பக்கத்திலிருந்து சூடான கதிர் வரும். மாலையில் இந்த வரிசை தலைகீழ்: கதிர் முதலில் போகும், வானம் பிந்திப் போகும். பின்திரைக்கு ஒரு விளக்கும் பக்கவாட்டுக்கு ஒரு விளக்கும் இருந்தால் போதும், எது முந்துகிறது எது பிந்துகிறது என்பதிலேயே பொழுது தெரிந்துவிடும். காலைக் கதிர் வந்த பக்கத்திலிருந்து மாலைக் கதிர் வரக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்நாட்டின் கூத்தர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. இரவெல்லாம் ஆடிய தெருக்கூத்தில் விடியல் தானாகவே வந்து சேர்ந்தது.

நெய்தலைப் பற்றிப் பேசினால் எல்இடி திரையையும் பேச வேண்டும். வேறோர் ஆண்டு, என் பேச்சைக் கேட்காமல் செயற்குழு ஒரு பெரிய எல்இடி திரையை வாடகைக்கு எடுத்தது. கதை கொற்கையில் நடக்கிறது. திரையிலோ சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. நமக்கு டர்பனிலும் அப்படித்தான். தொண்டியும் முசிறியும் மேற்குக் கரை அல்லவா என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: ஆம், ஆனால் நாடகத்தில் முத்துக் குளித்தார்கள். அது போகட்டும். திரையின் வெளிச்சம் மேடை விளக்குகளை விழுங்கிவிட்டது. நடிகர்கள் கரிய உருவங்களாக நின்றார்கள். அவர்கள் முகம் தெரிவதற்காக முன்விளக்குகளை முழுதாக ஏற்றியபோது, படத்துச் சூரியன் பின்னாலும் முகத்து வெளிச்சம் முன்னாலுமாக ஒன்றுக்கொன்று பகையாக நின்றன. கிழக்குக் கரையின் எற்பாட்டில், அதாவது கதிர் சாயும் பொழுதில், வெயில் பின்னாலிருக்கும் நிலத்தின் பக்கமிருந்து வந்து தலைவியின் முதுகில் படும். அவள் பார்க்கும் கடல்தான் முதலில் இருளும். அதைக் காட்ட ஒரு பின்விளக்கு போதுமாக இருந்தது. அந்த விழாவின் அழைப்பிதழில் திரை கொடுத்த நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, ஏணியில் ஏறியவர்கள் ஒருவர் பெயரும் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு இதை விடுகிறேன்.

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, நம் கலைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பார்க்கலாம். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் விளக்கை நிறுத்திய செய்தி அங்கே இருக்கிறது. முகத்துக்கு இருபுறமும் 45 பாகையிலிருந்து ஒன்று சூடாகவும் ஒன்று குளிராகவும் ஒளி கொடுக்கும் முறையை அமெரிக்கரான ஸ்டான்லி மக்கான்ட்லெஸ் 1932-இல் எழுதி வைத்தார். அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அது முகம் தெரிவதற்கு மட்டும்தான்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். ஆறு விளக்கு மட்டுமே கிடைக்கும் என்றால், முகத்துக்கு இரண்டு, இரு பக்கவாட்டுக்கும் ஒவ்வொன்று, பின்னால் உயரத்தில் ஒன்று, பின்திரைக்கு ஒன்று என்று பிரியுங்கள். பழைய இழை விளக்குகள் கிடைத்தால் விடாதீர்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் இறக்கும்போது அவை தாமாகவே சிவந்துகொண்டு போகும், மாலைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். நீலத்தாள் போட்ட விளக்கை மட்டும் மிகவும் இறக்காதீர்கள், அதே காரணத்தால் அது அழுக்கு நிறமாகிவிடும். நம் நாட்டுச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் இணைப்பு ஒன்றில் 1,000 வாட் விளக்கு மூன்றுக்கு மேல் தொங்கவிடாதீர்கள். மண்டபத்தின் தேநீர்க் கொதிகலன் அதே இணைப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வீடியோ எடுப்பவரிடம் கேமராவின் தானியங்கி ஒளியளவை நிறுத்தச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் இருட்ட இருட்ட அது வெளுத்துக் காட்டி, பதிவில் மாலையே இல்லாமல் செய்துவிடும். பார் (PAR) எனப்படும் எல்இடி மேடை விளக்குகள்தான் கிடைக்கும் என்றால், சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ளதை வாங்காமல் அம்பரும் வெள்ளையும் சேர்ந்ததைக் கேளுங்கள். பச்சைக்கும் சிவப்புக்கும் இடையிலுள்ள மஞ்சள் பகுதி முதல் வகையில் மிகவும் குறைவு, நம் தோல் நிறம் நிற்பதே அந்தப் பகுதியில்தான். அவற்றில் மலிவானவை மிகக் குறைந்த அளவில் சீராக இறங்காமல் படிப்படியாகக் குதிக்கும், ஆகவே மெல்ல மாற வேண்டிய இடத்தில் அவற்றை நம்பாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே தலைவியின் சேலையை அந்த விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள்.