மிக்மாக் மக்களின் ‘மிதமான பிழைப்பு’ மீன்பிடி உரிமை என்றால் என்ன?

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா உள்ளிட்ட பகுதிகளின் பூர்வகுடிகள் மிக்மாக். மீன் பிடித்து விற்று, குடும்பச் செலவுக்கு வேண்டிய அளவு சம்பாதிக்க அவர்களுக்குள்ள உரிமைதான் இது. சொத்துச் சேர்க்க அல்ல.

இதன் வேர் 1760-61 ஒப்பந்தங்கள். பிரிட்டிஷாரின் பண்டகசாலையில் மட்டுமே சரக்கை விற்போம் என்று மிக்மாக் ஒப்புக்கொண்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் கட்டுப்பாடு. ஆனால் ‘எங்கள் சொசைட்டிக்கே பால் ஊற்றணும்’ என்று எழுதி வாங்கியவர், மாடு வளர்க்காதே என்று சொல்ல முடியுமா? மிக்மாக் இனத்தவரான டொனால்ட் மார்ஷல் ஜூனியர் 1993-இல் உரிமமின்றி 210 கிலோ விலாங்கு பிடித்து 787.10 டாலருக்கு விற்றதாக வழக்கு. 1999 செப்டம்பர் 17 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதே தர்க்கத்தில் அவரை விடுவித்தது.

அதனால் இஷ்டம்போல் பிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; மீன்வளத்தைக் காக்க, தக்க காரணம் காட்டி அரசு வரம்பு விதிக்கலாம் என்று அதே நவம்பரில் நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது.