கேள்வி - பதில்: சமஷ்டியும் அக்காவின் உறுதியும்

கேள்வி: எதற்கெடுத்தாலும் சமஷ்டி (கூட்டாட்சி) என்கிறீர்கள். அது வந்தால் பெண்களுக்கு என்ன கிடைக்கும்? பெல்ஜியத்தில் மொழிச் சண்டையும் உண்டு, பெண் அமைச்சர்களும் உண்டு என்கிறாள் என் மகள். மெய்யா?
— வாசகி, சுன்னாகம்

பதில்: மகள் சொன்னது மெய்தான். ஆனால் சமஷ்டியோடு ஒட்டிக்கொண்டு வந்ததல்ல அது. டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் ஒருவரையொருவர் நம்பாததால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நாடு பெல்ஜியம். பிரதமரை விட்டால், அமைச்சரவையில் இரு மொழிக்காரருக்கும் சரிபாதி. 1993இல் சமஷ்டி நாடு என்றே அரசியலமைப்பில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் பெண்களுக்கும் கைகொடுத்தது. வேட்பாளர் பட்டியலில் ஒரு பாலார் மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1994இல் சட்டம் வந்தது. 2002இல் அதைச் சரிபாதியாக்கி, முதல் இரண்டு இடமும் ஒரே பாலாருக்குப் போகக்கூடாது என்றார்கள். விஷயமே அந்தக் கடைசி வரியில்தான். பெண்ணைப் பட்டியலின் வாலில் போட்டுவிட்டு "போட்டோம்தானே" என்பது நம் கட்சிக்காரருக்கு மட்டும் தெரிந்த வித்தையா என்ன?

சரி, சுவிஸைப் பாருங்கள். நம் மேடைகளில் சமஷ்டி என்றால் முதலில் வரும் பெயர். நாலு மொழி, ஊருக்கு ஊர் அதிகாரம். அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1971 ஆயிற்று. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலமோ, உள்ளூர் விவகாரம் ஆண்களுக்கு மட்டும்தான் என்று 1990வரை அடம்பிடித்தது. உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் வழிவிட்டது. நம் அப்பாச்சிமாருக்கு 1931இலேயே வாக்கு இருந்தது. (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறு கதை.)

ஊருக்கு அதிகாரம் வந்தால், ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கைக்குத்தான் அது போகும். தேசவழமை யாழ்ப்பாணத் தமிழராகிய நமக்கென்றே உள்ள சொத்துச் சட்டம்தானே? என் அக்கா கொக்குவிலில் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணியை விற்கப் போனார். நொத்தாரிசு, காணி உறுதியை (பத்திரத்தை) புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அவர் எங்கே?" அத்தான் கனடாவில், ஏழு வருஷமாகக் கடிதம் இல்லை. காணி அக்காவுடையது, உறுதியில் பெயர் அக்காவுடையது. விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் ஏற வேண்டும். அக்கா உறுதியை மடித்துச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

2013 வடமாகாண சபைத் தேர்தலில் பெண் வேட்பாளர் அனந்தி சசிதரனுக்கு 87,000க்கு மேல் விருப்பு வாக்கு, யாழ். மாவட்டத்தில் முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம். ஆகவே பெண்ணுக்கு வாக்கு விழாது என்ற கதை எடுபடாது. ஆனாலும் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் 6 ஆசனத்துக்கும் தெரிவானவர்கள் ஆண்கள். நம் பிரதேச சபைகளில் இன்று பெண்கள் உட்கார்ந்திருப்பது, உள்ளூராட்சியில் 25 சதவீதம் பெண்களுக்கு என்று எழுதி 2018இல் முதல் முறை நடைமுறைக்கு வந்த சட்டத்தால். அது கொழும்பில் எழுதிய சட்டம். எனக்கு உறைக்கிறது.

சமஷ்டியை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. தமிழரசுக் கட்சி 1949இலிருந்து கேட்பதை நானும் கேட்கிறேன். அடுத்த முறை வாக்குக் கேட்டுப் படலையைத் திறப்பவரிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் பட்டியலில் முதல் இரண்டு பெயர் யார்?

கேள்வி: அப்படியானால் தேசவழமையை ஒழித்துவிடலாமா?
— வாசகர், நெல்லியடி

பதில்: ஏன் ஒழிக்க? ஒல்லாந்தர் 1707இல் தொகுத்ததை 1911இலும் 1947இலும் திருத்தியிருக்கிறார்கள். சம்மதம் கேட்கிற அந்தப் பிரிவை எடுங்கள். மிச்சத்துக்கு அடுத்த இதழில் சண்டை பிடிப்போம்.