கொசுவின் எடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கார்ட்டூன்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே 1912-இல் எடுத்த கொசுப் படத்தைச் சிலாகிக்கிறீர்கள். நேற்றுதான் பார்த்தேன். தூங்குகிறவனை ஒரு கொசு ஆறு நிமிடம் கடிக்கிறது, கடைசியில் வெடிக்கிறது. கதையே இல்லை. பழையது என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

கதை இல்லைதான். நடுவில் சலிப்புத் தட்டுவதும் உண்மை. குத்துகிறது, உறிஞ்சுகிறது, அவன் விரட்டுகிறான், மறுபடி வந்து குத்துகிறது. நானே ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ 6,000 படங்களை மெக்கே தாளில் வரைந்தார். அசையும் உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் தனியே வரையும் முறைக்கு 1914-இல்தான் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதுவரை ஒவ்வொரு படத்தையும் முழுதாக வரைய வேண்டும். வரைந்த தாள்களையே முன்னும் பின்னுமாக அடுக்கி மறுபடி படம் பிடித்தால் கைக்கு ஓய்வு. அந்தச் சிக்கனம்தான் உங்களைக் கொட்டாவி விட வைத்தது.

படத்தில் கடிபடும் அந்த மனிதனைப் பற்றி எனக்கும் மனத்தாங்கல் உண்டு. அறைக்குள் நுழையுமுன் மிரண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறானே, அது நல்ல தொடக்கம். படுத்தபின் அவன் வெறும் தீனி.

ஆனால் கொசுவைப் பாருங்கள். உயரத் தொப்பி, கைப்பெட்டி சகிதம் கதவுக்கு மேலுள்ள திறப்பு வழியாக வருகிறது. வேலைக்கு வந்த ஆள் மாதிரி சாணைக்கல்லில் மூக்கைத் தீட்டிக்கொள்கிறது. நம்மைப் பார்த்துக் கையும் ஆட்டுகிறது. (ரத்தம் குடிப்பது பெண் கொசு, மெக்கே அதற்கு ஆண்பிள்ளைத் தொப்பி மாட்டிவிட்டார். போகட்டும்.) ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் வயிறு உப்புகிறது. உப்புவதைக் காட்ட யாராலும் முடியும். உப்பிய வயிறு உடம்பைக் கீழே இழுப்பதைக் காட்டியதுதான் வித்தை. முதலில் லாகவமாக நின்ற கொசு பிறகு தடுமாறுகிறது. ஒரு கட்டத்தில் தாங்கமாட்டாமல் படுத்தே விடுகிறது, கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கியவரைப் போல. வெறும் கோட்டுக்கு எடை வந்துவிட்டது. அக்காலத்துக் கார்ட்டூன்களில் உருவங்கள் காற்றில் மிதக்கும், ஒன்று இன்னொன்றாக மாறும், எதுவும் கனக்காது.

கம்பி கட்டி ஆட்டிய பொம்மை என்றே பார்த்தவர்கள் சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாதபடி, உயிரோடு எங்கும் இல்லாத டைனோசரை வைத்து 1914-இல் அடுத்த படத்தை எடுத்தார். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த டைனோசர்தான்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த வெடிப்பு. அவ்வளவு பொறுமையாகச் சேர்த்த கனத்தை ஒரே நொடியில் கரைத்துவிட்டார். பறக்க முடியாமல் கொசு கிடந்த இடத்திலேயே படத்தை நிறுத்தியிருக்கலாம்.