பண்டைய கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா போன்ற பலமான நகர அரசு எப்படி ஒரே போரில் சரிந்தது?

ஒரே போரில் என்று சொல்கிறோமே தவிர, உள்ளுக்குள் அது வெகு நாளாகவே கரைந்துகொண்டிருந்தது. அங்கே முழுக் குடிமகனாக இருக்க, குடிமக்கள் ஒன்றாகச் சாப்பிடும் பொதுப்பந்திக்கு மாதாமாதம் தன் பங்குத் தானியம், திராட்சை மது எல்லாம் கொடுத்தாக வேண்டும். நிலம் சில குடும்பங்களின் கையில் சேரச் சேர, கொடுக்க முடியாதவர்கள் குடியுரிமையை இழந்தார்கள். விசித்திரமான ஏற்பாடு! கி.மு. 480 வாக்கில் சுமார் 8,000 குடிமக்கள் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். கி.மு. 371-இல் லியூக்ட்ரா என்ற இடத்தில் இன்னொரு கிரேக்க நகர அரசான தீப்ஸின் படையோடு மோதியபோது களத்தில் நின்ற ஸ்பார்ட்டக் குடிமக்கள் ஏறக்குறைய 700 பேர்தான், அதிலும் 400 பேர் செத்துப்போனார்கள். சரி, தோற்றாலும் மீண்டிருக்கலாமே? அப்புறம்தான் உண்மையான அடி விழுந்தது: தீப்ஸ் தளபதி எபாமினோண்டாஸ் உள்ளே புகுந்து, ஸ்பார்ட்டாவின் பிடியில் இருந்த மெசீனியா பகுதியை விடுவித்துவிட்டார். ஸ்பார்ட்டர்கள் வாள் பழகிக்கொண்டிருந்த காலமெல்லாம் சோறு போட்டது அந்த மண்ணும், அதை உழுத ஹெலட் அடிமைகளும்தான்.