மெக்கானிக்கல் படிக்கும் மகள் ஆக்ஸிலரேட்டர் வேலைக்குப் போகலாமா?

வணக்கம் அம்மா. மகள் ஆக்ஸிலரேட்டர், அதாவது அணுத்துகள்களை அதிவேகத்தில் ஓடவிடும் துகள் முடுக்கி, அதற்கான கேவிட்டி வேலைதான் வேண்டும் என்று நிற்கிறாள், அது ஃபிசிக்ஸ் படித்தவர்களுக்கானது இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். அவள் படிப்புக்கு அங்கே நிறையவே வேலை இருக்கிறது.

கேவிட்டி என்பது நியோபியம் என்ற உலோகத் தகட்டில் செய்த ஒரு கூடு, அதற்குள் நிற்கும் ரேடியோ அலைதான் துகளை முன்னால் தள்ளுகிறது. தகட்டை அரைக் கிண்ணங்களாக அழுத்தி எடுத்து, எலெக்ட்ரான் கற்றையால் வெல்டிங் செய்து, உட்பரப்பை அமிலத்தில் மெருகேற்றி, வெற்றிட உலையில் சுமார் 800 டிகிரியில் சூடாக்கி, மிகச் சுத்தமான நீரைப் பீய்ச்சிக் கழுவி, கடைசியில் திரவ ஹீலியத்தில் 2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்துச் சோதிப்பார்கள். நல்ல கேவிட்டியில் அலையின் ஆற்றல் எவ்வளவு மெதுவாகக் குறையும் என்றால், விநாடிக்கு ஒருமுறை ஆடும் ஊஞ்சலுக்கு அதே தரம் இருந்தால் 50 வருஷம் கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றல் மிச்சமிருக்கும்! எனக்கு இந்த வேலைமேல் இவ்வளவு மரியாதை வந்ததே இதனால்தான்.

ஆனால் ஒரு தூசு உள்ளே உட்கார்ந்துவிட்டால் போச்சு, அங்கிருந்து எலெக்ட்ரான் கிளம்பி எக்ஸ்ரே எகிறும். க்ளீன் ரூமில் நட்டு முடுக்கும்போதுகூட அவசரப்படக் கூடாது, உலோகத்தூள் உதிரும். வெல்டிங் ஓரத்தில் சின்னக் குழி இருந்தாலும் அந்த இடம் சூடாகி மீக்கடத்தல் (கடுங்குளிரில் மின்தடை ஏறக்குறைய இல்லாமல் போகும் தன்மை) போய்விடும். மாதக்கணக்கில் உழைத்த கேவிட்டி டெஸ்ட்டில் தோற்றுத் திரும்ப கழுவுமிடத்துக்கே வரும். அதைத் தாங்கும் பொறுமை உண்டா என்று மகளிடம் கேளுங்கள், மார்க்கைவிட அதுதான் முக்கியம்.

இந்தூரில் ஆர்ஆர்கேட், டெல்லியில் ஐயுஏசி, கொல்கத்தாவில் விஇசிசி, மும்பையில் பார்க் (பாபா அணு ஆராய்ச்சி மையம்), இந்த நான்கு ஆராய்ச்சி மையங்களிலும் இந்த வேலை நடக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்திலுள்ள ஃபெர்மிலாப் ஆய்வகத்தின் பிப்-2 என்ற முடுக்கித் திட்டத்திலும் இவர்களுக்குப் பங்கு உண்டு.

நுழைய நேரான வழி பார்க் பயிற்சிப் பள்ளி. கேட் (இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் அல்லது அவர்களுடைய ஆன்லைன் தேர்வு, அப்புறம் இன்டர்வியூ, ஒரு வருஷம் உதவித்தொகையோடு பயிற்சி. முடித்தபின் எந்தப் பிரிவில் போடுவார்கள் என்பது முழுக்க நம் கையில் இல்லை, இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஐயுஏசி தனியாக ஆள் எடுக்கும்.

கடைசி வருஷ புராஜெக்ட் இன்னும் முடிவாகவில்லை என்றீர்களே, தகடு அழுத்துவதிலோ வாக்குவம் கசிவு கண்டுபிடிப்பதிலோ எடுக்கட்டும். கேட் விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தவறவிட வேண்டாம்.